மாத்திரை வாசல் வரை வருகிறது, பையைக் கொட்டிப் பார்ப்பது யார்? தருமபுரி, கிருஷ்ணகிரி இதய நோயாளிகளுக்கான அரசு நர்ஸ் சேவை: ஒரு மதிப்பீடு

வீட்டுக்கே மாத்திரை கொண்டுவந்து கொடுக்கும் அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கியது கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான். 2024-இல் ஐ.நா. பணிக்குழுவின் விருதும் வாங்கிவிட்டது. பி.பி., சர்க்கரை நோயாளிகளுக்கு அது என்ன செய்தது என்று நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். இங்கே பார்க்கப்போவது அதைவிடக் குறுகிய விஷயம். ஹார்ட் அட்டாக் வந்து தேறியவர், ஸ்டென்ட் வைத்தவர், வால்வு மாற்றியவர், இதயம் பலவீனமாகி மூச்சு வாங்குகிறவர், இவர்களுடைய மாத்திரை விஷயத்தில் இந்தத் திட்டமும், துணை சுகாதார நிலையத்திலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் உட்கார்ந்திருக்கும் நர்சும் எந்த அளவுக்கு உதவுகிறார்கள்?

என் கணிப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாத்திரை தீராமல் கிடைக்க வைப்பதில் இந்தச் சேவை நன்றாகவே இருக்கிறது. ஆனால் இதய நோயாளிக்கு மாத்திரை கிடைப்பது பாதிதான். வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரையையும் ஒரே மேஜையில் கொட்டி, எது எதற்கு, எது இரட்டிப்பு, எது விட்டுப்போகிறது என்று பார்க்கிற நர்ஸ் இருக்கும் இடத்தில் இந்தச் சேவைக்குக் காசு கொடுத்தாலும் ஈடு கிடையாது. அப்படி ஒருவர் இல்லாத இடத்தில் அது மாத்திரை விநியோகத்தோடு நின்றுவிடுகிறது.

யார் யார் வருகிறார்கள் என்பதில் பலருக்குக் குழப்பம் இருக்கிறது. வாசலுக்கு வந்து பி.பி. பார்த்து மாத்திரை கொடுப்பவர் மகளிர் சுகாதாரத் தன்னார்வலர், பெரும்பாலும் உள்ளூர்ப் பெண். மாத்திரையை மாற்றும் அதிகாரமோ அளவைக் கூட்டும் அதிகாரமோ அவருக்குக் கிடையாது, அவரிடம் அதைக் கேட்கவும் கூடாது. துணை சுகாதார நிலையத்தில் இடைநிலை சுகாதாரப் பணியாளர் என்று இருப்பவர் நர்சிங் படித்தவர். ஆரம்ப சுகாதார நிலையத்தில் தொற்றா நோய்ப் பிரிவு நர்ஸ் தனியாக இருப்பார். படுத்த படுக்கையாக இருப்பவர்களைப் பார்க்க ஆதரவு சிகிச்சை நர்சும் இயன்முறை மருத்துவரும் வண்டியில் வருவார்கள். இதய நோயாளி பழகிவைத்துக்கொள்ள வேண்டியது இரண்டாவது, மூன்றாவது ஆட்களை. வாசலில் மாத்திரை வருகிறதே என்று ஆஸ்பத்திரிப் பக்கமே போகாமல் இருந்துவிட்டால் அவர்கள் கண்ணில் நீங்கள் படவே மாட்டீர்கள்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். வீட்டுக்கு வரும் பெட்டியில் இருப்பவை முதன்மையாக பி.பி., சர்க்கரை மாத்திரைகள். ஸ்டென்ட் வைத்தவரின் குளோபிடோக்ரெல், வால்வு மாற்றியவரின் அசிட்ரோம் (இரண்டும் ரத்தம் உறையாமல் தடுப்பவை), இதயம் பலவீனமானவரின் டிகாக்சின் (துடிப்பைச் சீராக்கி இதயத்துக்கு வலு தருவது) எல்லாம் பெரும்பாலும் பெரிய ஆஸ்பத்திரியிலோ மெடிக்கல் ஷாப்பிலோ வாங்க வேண்டியவை. ஆக, ஒரே நோயாளியின் வீட்டில் இரண்டு மூன்று இடத்து மாத்திரைகள் கலந்து கிடக்கும். சிக்கல் தொடங்குவது அங்கேதான்.

இந்தப் பக்கத்து இதய நோயாளியின் மஞ்சள் பையைத் திறந்தால் என்ன இருக்கும் என்று பாருங்கள். அட்டாக் வந்தபோது பெங்களூரு ஜெயதேவாவிலோ, சேலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ, தருமபுரியிலோ எழுதிக்கொடுத்த டிஸ்சார்ஜ் சீட்டு. அதில் மெட்டோப்ரோலால் இருக்கும். ஊருக்கு வந்ததும் பி.பி. மாத்திரை என்று அரசு பெட்டியிலிருந்து அட்டெனோலால் தொடரும், ஏனென்றால் அட்டாக்குக்கு முன்பே அது அவர் பெயரில் பதிவாகியிருந்தது. இரண்டும் ஒரே குடும்பத்து மாத்திரை. சேர்த்துப் போட்டால் நாடித்துடிப்பு 45-க்கு இறங்கும், காலையில் எழுந்ததும் கண்ணை இருட்டிக்கொண்டு வரும், பாத்ரூமில் விழுவார்கள். வீட்டில் உள்ளவர்கள் 'ஹார்ட் வீக்காயிடுச்சு' என்று நினைப்பார்கள். டெல்மிசார்ட்டான் ஒரு சீட்டில், எனலாப்ரில் இன்னொரு பெட்டியில் என்பதும் இதே கதைதான். இரண்டும் சேர்ந்தால் பி.பி. அதிகமாக இறங்கும், ரத்தத்தில் பொட்டாசியம் ஏறும், கிட்னிக்குப் பளு கூடும். லாசிக்ஸும் டைட்டரும் வேறு வேறு பெயரில் இருந்தாலும் இரண்டும் நீர் பிரியும் மாத்திரை. எக்கோஸ்ப்ரின் கோல்ட் என்ற காப்ஸ்யூலுக்குள் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், கொழுப்பைக் குறைக்கும் அட்டோர்வாஸ்டாட்டின் மூன்றும் இருக்கின்றன. அது தெரியாமல் தனி ஆஸ்பிரினும் தனி அட்டோர்வாஸ்டாட்டினும் கூடவே ஓடிக்கொண்டிருக்கும். இதோடு மூட்டு வலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கிய டைக்ளோஃபெனாக், 'கேஸ் மாத்திரை', சளிக்கு ஒரு சிரப்.

இந்தப் பையைச் சரிபார்ப்பதுதான் நர்சின் முதல் வேலை. சரியாகச் செய்பவர்கள் செய்யும் விதம் இது. முதல் தடவை 'எல்லாத்தையும் எடுத்துட்டு வாங்க, தீர்ந்துபோன அட்டையும் வேணும்' என்று சொல்லி அனுப்புவார்கள். மேஜையில் பரப்பி, அட்டையின் பின்பக்கம் சின்ன எழுத்தில் இருக்கும் மருந்தின் மூலப்பெயரைப் படிப்பார்கள், முன்னால் பெரிதாக இருக்கும் கம்பெனிப் பெயரை வைத்து முடிவு செய்ய மாட்டார்கள். ஒரே மூலப்பெயர், ஒரே குடும்பம் என்று சேர்த்து வைப்பார்கள். டிஸ்சார்ஜ் சீட்டோடு ஒப்பிடுவார்கள். இரட்டிப்பு இருந்தால் எதை நிறுத்துவது என்பதை டாக்டரிடம் கேட்டு முடிவு செய்து, நிறுத்தியதை வீட்டுக்குத் திருப்பிக் கொடுக்காமல் தனியாக எடுத்து வைப்பார்கள். பிறகு ஒரே தாளில் மருந்தின் பெயர், எதற்கு, எத்தனை மி.கி., காலை, மதியம், இரவு, யார் எழுதியது என்று எழுதி, நோயாளியின் புத்தகத்தில் ஒட்டுவார்கள். முதல் தடவைக்கு இருபது நிமிஷம் ஆகும். அடுத்தடுத்த மாதம் ஐந்து நிமிஷம் போதும். கூட்டமான நாளில் இருபது நிமிஷம் ஒதுக்குவது கஷ்டம் என்பது உண்மை. அதற்கு வழி, புதிதாக டிஸ்சார்ஜ் ஆனவர்களை மட்டும் கூட்டம் குறைந்த மதிய நேரத்துக்கு வரச்சொல்வது.

கேட்கும் கேள்வியிலும் வித்தியாசம் தெரியும். 'மாத்திரை ஒழுங்கா சாப்பிடுறீங்களா?' என்றால் எல்லோரும் 'ஆமாங்க சிஸ்டர்' என்றுதான் சொல்வார்கள். 'நேத்து ராத்திரி எந்த மாத்திரை போட்டீங்க, எடுத்துக் காட்டுங்க' என்றால் உண்மை வெளியே வரும். அதைவிட நல்லது எண்ணிப் பார்ப்பது. முப்பது மாத்திரை கொடுத்து இருபது நாள் ஆகியிருந்தால் பத்து மிச்சம் இருக்க வேண்டும். பதினாறு இருந்தால் ஆறு நாள் விட்டிருக்கிறார், இரண்டே இருந்தால் எட்டு நாள் இரட்டையாகப் போட்டிருக்கிறார் அல்லது வீட்டில் இன்னொருவரும் அதே அட்டையில் பங்கு போடுகிறார். கணவன் மனைவி இருவருக்கும் பி.பி. இருக்கும் வீடுகளில் இந்தப் பங்கு சகஜம்.

அட்டை பற்றி ஒரு சின்ன விஷயம், ஆனால் இதில் பலர் கோட்டை விடுகிறார்கள். பத்து மாத்திரை அட்டையைக் கத்தரியால் வெட்டி ஆறு கொடுக்கும்போது காலாவதி தேதி இருக்கும் முனை யாரிடமாவது போய்விடும். பெயரும் பாதி அறுந்துவிடும். வெள்ளை நிறத்தில் சிறிதாக இருக்கும் டிகாக்சின், அம்லோடிபின் இரண்டும் காகிதக் கவரில் உதிரியாக வந்தால் கண் மங்கலான பெரியவருக்கு எப்படி வித்தியாசம் தெரியும்? முழு அட்டையாகக் கொடுக்க வேண்டும், வெட்டித்தான் ஆக வேண்டுமென்றால் தேதியும் பெயரும் கவர் மேல் எழுத வேண்டும். அரசு மாத்திரைகள் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் டெண்டர் மூலம் வாங்குபவை என்பதால் ஒரு கொள்முதலுக்கும் அடுத்த கொள்முதலுக்கும் கம்பெனி மாறலாம், நிறமும் அளவும் மாறலாம். 'வேற மாத்திரை குடுத்துட்டாங்க' என்று சிலர் நிறுத்திவிடுவார்கள். சிலர் பழையதும் புதியதும் சேர்த்துப் போடுவார்கள். அட்டை மாறும் மாதத்தில் 'பழைய வட்ட மாத்திரைக்குப் பதில் இதுதான், அதைப் போடாதீங்க' என்று ஒரு வரி சொல்லிவிட்டால் போதும்.

ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் தெலுங்கும் கன்னடமும் வீட்டு மொழி. தமிழில் எழுதிய சீட்டு அங்கே பல வீடுகளில் படிக்கப்படாமல் கிடக்கும். கவர் மேல் அரை வட்டச் சூரியன், முழுச் சூரியன், பிறை என்று வரைந்து கொடுக்கிற நர்சுகள் இருக்கிறார்கள். இது மிக நல்ல பழக்கம், எழுதப் படிக்கத் தெரிந்தவர்களுக்கும் உதவும். வரைந்ததோடு விடாமல், 'இப்ப நீங்க சொல்லுங்க, இது எப்ப?' என்று திருப்பிச் சொல்ல வைத்தால் முழுமை.

நேரம் சொல்வதிலும் ஊர் வழக்கம் தெரிந்திருக்க வேண்டும். 'காலை சாப்பாட்டுக்குப் பின்' என்று எழுதினால், விடியுமுன் சாமந்தியோ ரோஜாவோ பறிக்கப் போய்விட்டுப் பதினோரு மணிக்குக் களி சாப்பிடுகிறவர் அந்த நேரத்துக்குத்தான் போடுவார், அல்லது மறந்துபோவார். 'காலையில் பால் சொசைட்டிக்கு ஊற்றிவிட்டு வந்ததும்' என்று அன்றாட வேலையோடு கட்டிவிட்டால் மறக்காது. சாப்பாட்டோடு கட்டாயம் சேர்க்க வேண்டியவை சில மட்டுமே. ஆஸ்பிரின் வெறும் வயிற்றில் எரிச்சல் கொடுக்கும், அதனால் சாப்பிட்ட பின். அட்டோர்வாஸ்டாட்டின் எந்த நேரமும் போடலாம். இரவில் மறக்கிறார் என்றால் காலைக்கு மாற்றிக்கொள்ளலாமா என்று டாக்டரிடம் கேட்டு நர்ஸே ஏற்பாடு செய்யலாம்.

பி.பி. பார்ப்பதில் இந்தச் சேவை பாதிக் கிணறுதான் தாண்டியிருக்கிறது. மெஷின் வாசல் வரை வருவது பெரிய காரியம். ஆனால் திண்ணையில் நின்றபடியே, ரவிக்கைக் கை மேலேயே பட்டையைச் சுற்றி, பேசிக்கொண்டே எடுக்கும் அளவு நம்பத்தக்கதல்ல. ஐந்து நிமிஷம் முதுகு சாய்த்து உட்கார வேண்டும், கால் தரையில் இருக்க வேண்டும், கை நெஞ்சு மட்டத்தில் தாங்கலோடு இருக்க வேண்டும், அரை மணி நேரத்துக்குள் காபியோ பீடியோ கூடாது, ஒரு நிமிஷ இடைவெளியில் இரண்டு தடவை எடுக்க வேண்டும். தடித்த கைக்குச் சிறிய பட்டை சுற்றினால் அளவு பொய்யாக ஏறும், அதை நம்பி மாத்திரை கூட்டப்படும். இதய நோயாளிக்கு இன்னொரு அளவும் தேவை. உட்கார்ந்து எடுத்த பின் எழுந்து நின்று ஒன்றாவது நிமிஷத்திலும் மூன்றாவது நிமிஷத்திலும் எடுக்க வேண்டும். மேல் அளவு 20-க்கு மேல் இறங்கினால் மாத்திரை அதிகம் அல்லது உடம்பில் நீர் குறைவு. கோடையில் வயல் வேலை செய்கிறவர்களிடம் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

நாடி பார்ப்பது பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மெஷின் நாடியையும் காட்டுகிறது என்று யாரும் கையை வைத்துப் பார்ப்பதில்லை. டிகாக்சின் சாப்பிடுகிறவருக்கு, அதிலும் துடிப்பு ஒழுங்கில்லாதவருக்கு, மெஷின் காட்டும் எண் தவறாக இருக்கலாம். ஸ்டெதஸ்கோப்பை நெஞ்சில் வைத்து ஒரு முழு நிமிஷம் எண்ண வேண்டும். 60-க்குக் கீழே இருந்தால் அன்றைய டிகாக்சினைக் கொடுக்காமல் டாக்டரைக் கூப்பிட வேண்டும். பசியின்மை, குமட்டல், பார்வையில் மஞ்சள் படர்வது என்று சொன்னால் எண் எதுவாக இருந்தாலும் டிகாக்சின் அளவு மீறியிருக்கிறதா என்று சந்தேகப்பட வேண்டும். நீர் மாத்திரையால் பொட்டாசியம் குறைந்தவருக்கு இந்த ஆபத்து அதிகம். மெட்டோப்ரோலால், அட்டெனோலால் சாப்பிடுகிறவருக்கு நாடி 50-க்குக் கீழே போனாலோ தலை சுற்றினாலோ உடனே டாக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். ஆனால் மாத்திரை தீர்ந்துவிட்டது என்று இதைத் திடீரென்று நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் நெஞ்சுவலி பாய்ந்து வரும். சர்க்கரையும் உள்ளவருக்கு இந்த மாத்திரை, சர்க்கரை இறங்கும்போது வரும் படபடப்பை மறைத்துவிடும். வியர்வை மட்டும் மறையாது. 'காரணமில்லாம வேர்த்தா சர்க்கரை பாருங்க' என்று சொல்லிவைப்பது நர்சின் வேலை. பெயரோடு எக்ஸ்.எல். என்று வரும் மெட்டோப்ரோலால் மெதுவாகக் கரையும் வகை. விழுங்க முடியவில்லை என்று அம்மியில் பொடித்துக் கொடுத்தால் ஒரு நாள் மருந்து ஒரே மணி நேரத்தில் இறங்கிவிடும்.

நீர் மாத்திரை பற்றி நல்ல நர்ஸ் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: 'பஸ்ஸில் போற அன்னைக்கு என்ன பண்றீங்க?' பென்னாகரத்திலிருந்தோ அரூரிலிருந்தோ தருமபுரிக்கு, அஞ்செட்டியிலிருந்து ஓசூருக்கு பஸ்ஸில் கிளம்பும் நாளில், வழியில் ஒதுங்க இடமில்லை என்று பெண்கள் காலை நீர் மாத்திரையான ஃப்யூரோஸமைடை (லாசிக்ஸ்) விட்டுவிடுவார்கள். வாரத்தில் இரண்டு நாள் அப்படி விட்டாலே கால் வீங்கி, இரவில் படுக்க முடியாமல் எழுந்து உட்காருவார்கள். ஏன் விட்டீர்கள் என்று திட்டுவதில் பயனில்லை. திரும்பி வந்ததும், மாலை நான்கு மணிக்குள் போட்டுக்கொள்ளலாம் என்று டாக்டரிடம் கேட்டு வழி சொல்லிவிட்டால் தீர்ந்தது. அதற்குப் பிறகு போட்டால் இரவெல்லாம் எழுந்து நடக்க வேண்டும், இருட்டில் விழ வேண்டும். வீட்டில் எடை மெஷின் இருந்தால் தினம் காலையில் சிறுநீர் கழித்த பின், சாப்பிடுமுன், ஒரே மாதிரி உடையில் எடை பார்த்து எழுத வேண்டும். மூன்று நாளில் 2 கிலோவுக்கு மேல் ஏறினால் அது நீர், உடனே தெரிவிக்க வேண்டும். மெஷின் இல்லாத வீட்டில் கொலுசும் செருப்பு வாரும் இறுகுவது, படுக்கும்போது வைக்கும் தலையணை இரண்டிலிருந்து மூன்றாகக் கூடுவது இவற்றை வைத்துச் சொல்லலாம். துணை சுகாதார நிலையத்து எடை மெஷினை இதற்காக வாரம் ஒருமுறை பயன்படுத்தச் சொல்லும் நர்சுகள் இன்னும் கூட வேண்டும். மாங்காய் சீசனில் போட்ட ஊறுகாய் ஜாடி, கருவாடு இரண்டையும் பற்றிக் கேட்காமல் நீர் மாத்திரையைக் கூட்டுவது வீண்.

ஸ்டென்ட் வைத்தவரின் குளோபிடோக்ரெல் இந்த மொத்தச் சேவையில் இருக்கும் பெரிய ஓட்டை. மாத்திரை வீட்டுக்கு வருகிறது என்ற நிம்மதியில், வராத இந்த ஒன்று தீர்ந்துபோனது கவனத்துக்கு வராது. அட்டாக்குக்காக ஸ்டென்ட் வைத்தவருக்குப் பொதுவாக ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் சேர்த்து ஓர் ஆண்டு கொடுப்பார்கள். இடையில் நின்றால் ஸ்டென்டுக்குள் ரத்தம் உறைந்து மறுபடி அட்டாக் வரும். அது முதல் அட்டாக்கைவிட மோசமாக இருக்கலாம். பல் பிடுங்கப் போகிற இடத்தில் 'ஒரு வாரம் நிறுத்திட்டு வாங்க' என்று சொன்னாலும் இதய டாக்டரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது. நர்ஸ் செய்ய வேண்டியது, புத்தகத்தின் முதல் பக்கத்தில் ஸ்டென்ட் வைத்த தேதியையும், டாக்டர் சொன்ன முடிவுத் தேதியையும் சிவப்பில் எழுதுவது. கையிருப்பு பத்து நாளுக்குக் கீழே வந்தால் வாங்க ஏற்பாடு செய்வது. காசு பிரச்சினை என்றால் முதல்வர் மருந்தகத்திலோ மக்கள் மருந்தகத்திலோ மூலப்பெயர் சொல்லிக் கேட்கச் சொல்லலாம். 'கேஸ் மாத்திரை' ஒமிப்ரசோலாக இருந்தால் அது குளோபிடோக்ரெலின் வேலையைக் குறைக்கக்கூடியது, பான்டோப்ரசோலுக்கு மாற்றலாமா என்று டாக்டரிடம் கேட்டுச் சொல்ல வேண்டும்.

வால்வு மாற்றியவரின் அசிட்ரோம் இதைவிடக் கவனம் கேட்கும். தினம் மாலை ஒரே நேரம். விட்டுப்போனால் அதே நாள் நினைவு வந்தால் போடலாம், மறுநாள் இரண்டாகப் போடக் கூடாது. ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் பரிசோதனை) அளவு, துடிப்பு ஒழுங்கில்லாதவர்களுக்குப் பொதுவாக 2 முதல் 3 வரை, மைட்ரல் இடத்தில் (இதயத்தின் இடப்பக்க மேல், கீழ் அறைகளுக்கு நடுவில்) உலோக வால்வு வைத்தவர்களுக்கு 2.5 முதல் 3.5 வரை. சரியான இலக்கு அவரவர் டாக்டர் எழுதியது. இந்த ஊரில் களிக்குக் கீரை மசியல் அன்றாடச் சாப்பாடு, கீரையோ அசிட்ரோமின் வேலையைக் குறைக்கக்கூடியது. 'கீரையே சாப்பிடாதே' என்று பயமுறுத்தினால் இரண்டு வாரம் நிறுத்துவார்கள், அதற்கேற்ப மாத்திரை அளவு குறைக்கப்படும், பிறகு ஆடி மழைக்கு முளைத்த கீரையைத் தினம் சாப்பிடுவார்கள், ஐ.என்.ஆர். சரிந்து வால்வில் ரத்தம் உறையும். சரியான பேச்சு: வழக்கமாகச் சாப்பிடும் அளவையே மாற்றாமல் சாப்பிடுங்கள். வயிற்றுப்போக்குக்கு மெட்ரோனிடசோல், சிறுநீர்த் தொற்றுக்குக் கோட்ரைமாக்சசோல், படைக்கு ஃபுளூகோனசோல், எது புதிதாகத் தொடங்கினாலும் மூன்று நான்கு நாளில் ஐ.என்.ஆர். பார்க்க வேண்டும், ஏனென்றால் மூன்றும் அசிட்ரோமோடு சேர்ந்தால் ரத்தம் கசிய வைக்கும். ஈறு, மூக்கு, கருத்த மலம், காரணமில்லாத நீலத் தழும்பு என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்.

மூட்டுவலி ஊசியும் மாத்திரையும் தனிப் பிரச்சினை. டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கும், பி.பி.யை ஏற்றும், கிட்னியைப் பாதிக்கும், அசிட்ரோம், ஆஸ்பிரினோடு சேர்ந்தால் வயிற்றில் ரத்தக் கசிவு. இதயம் பலவீனமானவர் 'நல்லாத்தானே இருந்தார்' என்று மூச்சுத்திணறலோடு வரும்போது முதலில் கேட்க வேண்டியது போன வாரம் வலி ஊசி போட்டாரா என்பதுதான். எனலாப்ரில், ராமிப்ரில் சாப்பிடுகிறவர் வறட்டு இருமலுக்கு மாதக்கணக்கில் சிரப் குடித்துக்கொண்டிருப்பார். இருமலுக்குக் காரணமே மாத்திரையாக இருக்கலாம், மாற்று மருந்து உண்டு. உதடோ நாக்கோ வீங்கினால் மட்டும் அது அவசரம், அந்த மாத்திரையை மறுபடி தொடக் கூடாது. இந்த மாத்திரைகளோ, பொட்டாசியத்தைத் தேக்கும் நீர் மாத்திரையான ஸ்பைரனோலாக்டோனோ தொடங்கிய ஒன்றிரண்டு வாரத்தில் கிரியாட்டினினும் (கிட்னி வேலையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) பொட்டாசியமும் பார்க்க வேண்டும். கடைகளில் விற்கும் குறைந்த சோடிய உப்பில் பொட்டாசியம் இருக்கிறது, இவர்களுக்கு அது ஆகாது. வாந்தி, பேதி வந்த நாளில் நீர் மாத்திரையையும் இவற்றையும் சர்க்கரைக்கான மெட்ஃபார்மினையும் தொடர்வதா என்று அன்றே போனில் கேட்க வேண்டும்.

அவசரத்துக்கு வருவோம். ஹார்ட் அட்டாக் அறிகுறியோடு வருகிறவருக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புமுன் முதல் மாத்திரைகளைக் கொடுக்கும், 2023-இல் வந்த இதயம் காப்போம் திட்டம் இந்த மதிப்பீட்டில் முழு மதிப்பெண் வாங்குகிறது. ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை சுகாதார நிலையங்களிலும் 14 மாத்திரைகள் தயாராக இருக்க வேண்டும்: ஆஸ்பிரின் 150 மி.கி. இரண்டு, குளோபிடோக்ரெல் 75 மி.கி. நான்கு, அட்டோர்வாஸ்டாட்டின் 10 மி.கி. எட்டு. சித்தேரி, வத்தல்மலை, பெட்டமுகிலாளம் போன்ற மலை ஊர்களிலிருந்து பெரிய ஆஸ்பத்திரி சேர நேரமாகும், தளி, அஞ்செட்டிப் பக்கம் இரவில் யானை நடமாட்டம் வேறு. அந்த இடைவெளியில் இந்த மாத்திரைகள் உயிர் காக்கும். கொடுக்குமுன் நர்ஸ் கேட்க வேண்டியவை: ஆஸ்பிரின் ஒவ்வாமை உண்டா, ரத்த வாந்தியோ கருத்த மலமோ இருந்ததா, சமீபத்தில் பக்கவாதமோ அறுவை சிகிச்சையோ உண்டா. ஆஸ்பிரினை மென்று விழுங்கச் சொல்ல வேண்டும். கொடுத்த மருந்து, அளவு, மணி மூன்றையும் சீட்டில் எழுதி 108 ஆட்களிடம் கொடுக்க வேண்டும். எழுதாவிட்டால் அடுத்த ஆஸ்பத்திரியில் அதே அளவு மறுபடி கொடுக்கப்படலாம். மாத்திரை கொடுத்ததால் வலி குறைந்துவிட்டது என்று வீட்டுக்கு அனுப்புவது பெரிய தவறு. அடைப்பைக் கரைக்கும் ஊசியோ ஆஞ்சியோவோ செய்யும் இடத்துக்குப் போய்த்தான் ஆக வேண்டும்.

நெஞ்சுவலிக்கென்று வீட்டில் வைத்திருக்கும் சார்பிட்ரேட் மாத்திரைக்கும் பாடம் வேண்டும். நெஞ்சுவலி வந்தால் உட்கார்ந்து கொண்டு 5 மி.கி. நாக்குக்கு அடியில் வைக்க வேண்டும், நின்றபடி போட்டால் மயங்கி விழலாம். ஐந்து நிமிஷத்தில் வலி போகவில்லை என்றால் அப்போதே 108. வண்டி வரும் வரை ஐந்து நிமிஷத்துக்கு ஒன்று, மொத்தம் மூன்றுக்கு மேல் கூடாது. மேல் பி.பி. 90-க்குக் கீழே இருந்தால் போடவே கூடாது. ஆண்மைக் குறைவுக்கான சில்டெனாஃபில் வகை மாத்திரை 24 மணி நேரத்துக்குள்ளும் டடாலாஃபில் 48 மணி நேரத்துக்குள்ளும் எடுத்திருந்தால் உயிருக்கே ஆபத்து. ஆண்களிடம் இதை மனைவி, மருமகள் முன்னால் கேட்டால் பதில் வராது, தனியாகக் கேட்க வேண்டும். தலைவலி வரும், அது மருந்தின் வேலை, பயப்பட வேண்டாம். தகரக் கூரை வீட்டில் அடுப்பு மேல் அலமாரியில் வைத்த மாத்திரை கோடையில் வீரியம் இழக்கும். உள் அறையில் குளிர்ந்த மூலையில், எல்லோருக்கும் தெரிந்த இடத்தில் இருக்கட்டும்.

மதிப்பெண்: மாத்திரை தொடர்ந்து கிடைப்பதற்கு ஐந்துக்கு நான்கரை. அவசர மாத்திரைக்கு ஐந்து. பி.பி. எடுக்கும் முறைக்கு மூன்று. பல இடத்து மாத்திரைகளை ஒன்று சேர்த்துப் பார்ப்பதற்கு இரண்டு, அதுவும் அந்த நர்சின் சொந்த அக்கறையால் கிடைக்கும் இரண்டு. அதற்கென்று ஒரு படிவமும், மாதத்தில் ஒரு மதியமும் ஒதுக்கினால் இது நான்காகிவிடும்.

பி.பி. மட்டும் உள்ளவர், அட்டாக் வந்து இரண்டு மூன்று ஆண்டு ஆகி நிலையாக இருப்பவர் இந்தச் சேவையைத் தயங்காமல் நம்பலாம். ஸ்டென்ட் வைத்து ஓர் ஆண்டு ஆகாதவர், அசிட்ரோமோ டிகாக்சினோ சாப்பிடுகிறவர், ஆறு மாதத்துக்குள் மூச்சுத்திணறலுக்கு அட்மிட் ஆனவர் வாசல் மாத்திரையோடு நிற்காமல் ஆரம்ப சுகாதார நிலையத்து நர்சிடம் முழுப் பையோடு மாதம் ஒருமுறை போக வேண்டும். பெங்களூருவில் கட்டட வேலைக்குப் போய்விட்டு மாதம் ஒருமுறை ஊருக்கு வருகிறவர்கள் வீடு பூட்டியிருக்கும்போது தன்னார்வலர் வந்து திரும்பிப் போவார். அவர்கள் முன்கூட்டியே போன் செய்து, மாத்திரையைத் துணை சுகாதார நிலையத்தில் தங்கள் பெயரில் எடுத்துவைக்கச் சொல்லலாம், மூலப்பெயர்ப் பட்டியலைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

போகும்போது எடுத்துச் செல்ல வேண்டியவை: டிஸ்சார்ஜ் சீட்டு, கடைசி ஈ.சி.ஜி., எக்கோ ரிப்போர்ட், ஐ.என்.ஆர். புத்தகம், எடை எழுதிய தாள், வீட்டில் இருக்கும் எல்லா அட்டைகளும், நாட்டு மருந்துப் பொட்டலமும் வலி மாத்திரையும் உட்பட. எதையும் வீட்டில் விட்டுவிட்டுப் போக வேண்டாம், 'அது சும்மா வாங்கினது' என்று சொல்லப்படும் அட்டையில்தான் பெரும்பாலும் சிக்கல் இருக்கும். மருந்து சந்தேகத்துக்கு 104, நெஞ்சுவலிக்கு நேராக 108.